இரண்டாம் படை மூயி ரிவரில் நிற்கிறது

நார்த்டேலில் என் கராஜ்.
கார் வெளியே நனைகிறது.
உள்ளே பொஹீமியா:
பிங்பாங் மேசைமேல் பழுப்புக் கம்பளி,
கம்பளிக்கடியில் டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டிகள்,
அவைதான் மேடுகள்.
நீல நூல், பிஸ்ட்ரிட்ஸ் ஆறு.
வடக்குக் குன்றில் இரண்டு லிண்டன் மரங்கள் நின்றனவாம்,
நான் இரண்டு கிராம்பு நட்டிருக்கிறேன்.

ஆள் உயரம் இரண்டு மில்லிமீட்டர்.
எண்ணூறு பேர் ஒரே ஈயக் கீற்றில்
என் சுண்டுவிரல் நகத்தின்மேல் அணிவகுத்து நிற்பார்கள்.
முகம் கிடையாது. முகம் வரைந்தால் தப்பு.
சதைநிறத்தில் ஒரு புள்ளி, கீழே சாம்பலில் ஒரு கோடு,
தூரிகையில் மூன்று மயிர் போதும்,
மூச்சைத்தான் அடக்கவேண்டும்.
பெரிய பொம்மை வைத்து ஆடுகிறவர்கள்
முப்பது பேரை நிறுத்திவிட்டுப் படை என்பார்கள்.
எனக்கு நாலரை லட்சம் வேண்டும்.
எழுந்து நின்றால்
குன்றின்மேல் குதிரையிலிருந்து பார்த்தவனுக்குத் தெரிந்ததே
எனக்கும் தெரியவேண்டும்:
புகை, கறை, நகரும் கறை.

காலை எட்டுக்கு ம்துன்சி பகடையை உருட்டினார்.
பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்,
இங்கே பிரஷ்யாவின் முதல் படை.
நேராகக் காட்டுக்குள் நுழைந்தார்
(காடு என்பது பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்).
நான் ஆஸ்திரியா, மேடெல்லாம் என் பீரங்கி.
பதினொன்றுக்குள் அவருடைய பதினான்கு கீற்றுகள்
மார்ஜரின் டப்பா மூடியில்.
இந்த அளவில் யாரும் கீழே விழுவதில்லை,
எடுத்து வைப்போம், அவ்வளவுதான்.
சாமணம் மட்டும் டிக் என்கிறது.

ஒரு எறும்பு பிஸ்ட்ரிட்ஸைக் கடந்தது.
யாருடைய குதிரைப்படையும் அல்ல.
அது போகும்வரை இருவரும் காத்திருந்தோம்.

வரலாற்றில், மதியவாக்கில், வடக்கிலிருந்து
பட்டத்து இளவரசனின் இரண்டாம் படை வந்து சேரும்.
எங்களுக்கு அது லேடிஸ்மித்திலிருந்து
வஜ்ரவேல் மூட்லியின் பேக்கி வண்டியில் வரும்,
ஒரு பிஸ்கட் டின்னில் லட்சம் பேர்.

பன்னிரண்டு பத்துக்குப் போன்.
"மூயி ரிவர் டோலில் லாரிக்காரர்கள் ரோட்டை மறித்துவிட்டார்கள்.
முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி.
நீங்கள் ஆடுங்கள்."

விதிப்புத்தகத்தில் தாமதத்துக்கு ஓர் அட்டவணை உண்டு:
சேறு, வழிதவறிய தூதன், உடைந்த பாலம்.
மூயி ரிவர் இல்லை.

"பகடை போடலாம்," என்றேன்,
"ஆறு விழுந்தால் வந்ததாக வைத்துக்கொள்வோம்."
"வராத படையை எதைக்கொண்டு நிறுத்துவாய்,
துவரம்பருப்பாலா?" என்றார்.

அப்போதே இறங்கி அடித்திருக்கலாம்.
தொடாத குதிரைப்படை முழுதும் பின்னால் இருந்தது.
கை நீண்டது, நின்றது.
வடக்கோரம் வெறும் கம்பளி, இரண்டு கிராம்பு.
அந்த வெறுமையைப் பார்த்துப் பார்த்து
ஒரு பிரிகேடை அங்கே திருப்பினேன்,
பிறகு இன்னொன்று,
பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று, பீரங்கிகளை.
மாலைக்குள் என் பாதிப் படை
வராதவனுக்கு எதிரே விறைத்து நின்றது.
ம்துன்சி நிதானமாகக் காட்டைவிட்டு வெளியே வந்தார்.

ஏழு மணிக்கு மின்வெட்டு.
டார்ச்சை எந்தப் பக்கம் வைத்தாலும்
மேடுகளின் நிழல் என் ஆட்களின்மேல்தான் விழுந்தது.

ஒன்பதே முக்காலுக்கு வஜ்ரவேல் வந்து
டின்னைத் திறந்தார்.
பிரேக் போட்டுப் போட்டு எல்லாம் பசை விட்டுக் கழன்று
லட்சம் பேர் ரவைபோல் ஒரு மூலையில் குவிந்து கிடந்தார்கள்.
முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பீன்ஸ் கறி அடைத்த அரைரொட்டி ஆறிப்போயிருந்தது,
நின்றபடியே தின்றோம்.
"அப்படியானால் யார் ஜெயித்தது?" என்றார் வஜ்ரவேல்.
ம்துன்சி வாயில் ரொட்டியோடு
என் வடக்கோரத்தைக் காட்டினார்: "நீதான்."

திங்கட்கிழமை. லைசென்ஸ் ஆபீஸில்
கண் சோதிப்பது என் வேலை.
டாக்ஸி ஓட்ட வந்த ஒரு பையன்
கடைசி வரியில் தடுமாறினான்.
ஒன்றை எட்டு என்றான்.
பிறகு என் முழங்கையைப் பார்த்து,
"ஆன்ட்டி, உங்கள் சட்டையில்
ஆட்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்றான்.

பாஸ் போட்டேன்.